தீரு நகரத்துக் கன்னான்

வேதபகுதி: 1 இராஜாக்கள் 7:13-47



இந்த மாதம் நாம் தியானிக்கப்போகிற மனுஷனுக்கு வேதத்தில் பெயர் இல்லை. சாலொமோன் ராஜா தேவாலயத்தின் வெண்கல வேலைக்காகத் தீருவிலிருந்து ஈராம் என்கிற தொழிலாளியை அழைப்பித்தான் என்று வாசிக்கிறோம். (இவன் தீருவின் ராஜாவாகிய ஈராம் அல்ல. பெயர் ஒன்று, ஆள் வேறு.) நான் எழுத வந்தது இந்த ஈராமைப் பற்றிக்கூட அல்ல, அவன் தகப்பனைப் பற்றி. 14-ம் வசனம் அந்தத் தகப்பனைக் குறித்து இரண்டே காரியம் சொல்லுகிறது: ஊர் தீரு, தொழில் கன்னான். தாயைக் கைம்பெண் என்று சொல்லுவதினால் அவர் மரித்துப்போயிருந்தார் என்று அறிகிறோம். அவ்வளவுதான்.

வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ படித்தபோது இந்த அதிகாரத்தைப் பரீட்சைக்காக உருப்போட்டிருக்கிறேன். தூணின் உயரம் 18 முழம், சுற்றளவு 12 முழம், கடல்தொட்டியைச் சுமந்த காளைகள் 12, எல்லாம் மனப்பாடம். ஆனால் கன்னான் என்கிற வார்த்தை மட்டும் கண்ணில் படவே இல்லை. இத்தனைக்கும் என் தகப்பனாரே ஒரு கன்னான்.

சென்ற ஆண்டு அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனையில் நானே தேவசெய்தி கொடுத்தேன். 1 தெசலோனிக்கேயர் 4-ம் அதிகாரம், நாற்பது நிமிஷம். எக்காள சத்தம், உயிர்த்தெழுதல், மேகங்கள்மேல் எடுத்துக்கொள்ளப்படுதல் என்று ஒன்றையும் விடவில்லை. வந்திருந்த ஊழியக்காரர்கள் என் கையைப் பிடித்து, நல்ல அபிஷேகமான செய்தி என்றார்கள். துக்கத்திலும் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைப்பானேன்.

ஒரு மாதம் கழித்து, இராத்திரி சாப்பாட்டு நேரத்தில் அம்மா கேட்டார்கள்: "அன்னிக்கு நீ பேசுனது யாரு சாவுக்கு வேணும்னாலும் பொருந்தும்பா. உங்கப்பாவைப் பத்தி ஒரு வார்த்தை வந்துச்சா?"

என்னிடத்தில் பதில் தயாராக இருந்தது. "மனுஷனை மகிமைப்படுத்தக் கூடாதும்மா."

"மகிமையை யாரு கேட்டா? பாத்திரம் அடிச்சாருன்னு சொல்லியிருக்கலாம்ல."

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. எழுந்து வேதத்தை எடுத்தேன். எங்கெங்கோ தேடி, கடைசியில் இந்த வசனத்தில் வந்து நின்றேன். ஆவியானவர் எழுதிவைத்த புஸ்தகத்தில் ஒரு செத்த மனுஷனுடைய தொழில் எழுதியிருக்கிறது. அதில் யாருக்கும் மகிமை போய்விடவில்லை. பாத்திரம் அடித்தார் என்று சொல்லியிருக்கிறது, அம்மா கேட்டதும் அதைத்தான்.

பிரியமானவர்களே, சபையில் பலர் அப்பாவைப் பார்த்திருப்பீர்கள். கடைசி வரிசைப் பாயில், செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் உட்காருவார். சாட்சி சொல்ல ஒரு நாளும் எழுந்ததில்லை. கும்பகோணத்தில் ஒரு பட்டறையில் துருத்தி ஊத ஆரம்பித்தபோது அவருக்கு 12 வயது. வார்ப்பு, தட்டு வேலை, கடைசல், ஈயப்பூச்சு எல்லாம் கைவந்த தொழில். எவர்சில்வர் வந்து வீடுகளில் பித்தளை பரண்மேல் ஏறினபிறகு, பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக ஈயம் பூசப் புறப்பட்டார். அந்தக் குரல் தூரத்தில் கேட்டாலே, பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்களோடு வருகிற நான் பக்கத்துச் சந்தில் திரும்பிவிடுவேன். ஒரு தடவை அவர் என்னைப் பார்த்துவிட்டார் என்றே நினைக்கிறேன். வீட்டில் கேட்கவில்லை.

ஈயம் பூசுவதைப் பார்க்காத இளம்பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறும், அது விஷம். அதினாலே உட்புறம் வெள்ளீயம் பூச வேண்டும். புளியும் மண்ணும் போட்டுத் தேய்த்த பாத்திரத்தைக் கரி அடுப்பில் சுடவைத்து நவச்சாரத்தைத் தூவினால் குப்பென்று வெள்ளைப் புகை கிளம்பும். அந்தச் சமயத்தில் ஈயத்தைத் தொட்டுத் துணியால் ஒரே வீச்சாக வழித்துவிட வேண்டும். கொஞ்சம் பிந்தினால் திட்டுத்திட்டாக நிற்கும், சூடு மிஞ்சினால் கருகும். அந்தப் புகையில்தான் அப்பா இருமிக்கொண்டே இருந்தார். என் கல்லூரிக் கட்டணமும் அந்தப் புகையிலிருந்துதான் வந்தது.

இன்னொன்றையும் அறிக்கையிட வேண்டும். சில வருஷங்களுக்குமுன் ஒரு வீட்டுக்கூட்டத்தில் இதே தூண்களைக் குறித்துப் பேசினேன். யாகீன் என்றால் அவர் ஸ்திரப்படுத்துவார், போவாஸ் என்றால் அவரில் பெலன் உண்டு என்று விளக்கிக்கொண்டு வந்தபோது, எரேமியா 52:21-ஐயும் வாசிக்கச் சொன்னேன். தூணின் கனம் நாலு விரற்கடை, உள்ளே வெறுமை என்று அங்கே இருக்கிறது. வாசித்து முடித்ததும் கடைசியிலிருந்து அப்பா கையைத் தூக்கினார். வீட்டில் தம்பி என்பார், கூட்டத்தில் பாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்.

"பாஸ்டர், நாலு விரக்கடை கனம்னா, உள்ளே மண் அச்சு நிக்கணுமே. பதினெட்டு முழத்துக்கு அதை எதைக்கொண்டு நிறுத்துனான்? கொஞ்சம் சாஞ்சாலும் ஒரு பக்கம் கனமாகி, ஒரு பக்கம் ஓட்டை விழுந்துடுமே."

ஏறக்குறைய 27 அடித் தூண். சும்மா வேலை இல்லை என்று அந்த அறையில் அவருக்கு மாத்திரம் தெரிந்திருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது முக்கியமில்லை, இதன் ஆவிக்குரிய அர்த்தத்தைக் கவனிப்போம்." இரண்டு பேர் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்துக்கொண்டே கையை இறக்கினார்.

முக்கியமில்லையா? 46-ம் வசனத்தை இப்போது நிதானமாய்ப் படியுங்கள். யோர்தானுக்கடுத்த சமனான பூமியில், சுக்கோத்துக்கும் சர்தானுக்கும் நடுவே, களிமண் தரையில் வார்ப்பித்தார்கள் என்று இடம் முதற்கொண்டு எழுதியிருக்கிறது. வார்ப்புக்கு ஆற்றங்கரை மண் வேண்டும். நம்முடைய நாச்சியார்கோயிலில் விளக்கு வார்க்கிறவர்களும் காவிரி வண்டலைத்தான் தேடிப்போகிறார்கள். இதை அப்பா ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார். கேட்க நான் விடவில்லை.

ஈராம் ஞானமும் புத்தியும் அறிவும் நிறைந்தவன் என்று 14-ம் வசனம் சொல்லுகிறது. மூல எபிரெய பாஷையில் இருக்கிற இதே மூன்று வார்த்தைகள்தான் யாத்திராகமம் 31:3-ல் பெசலெயேலுக்கும் சொல்லப்பட்டிருக்கின்றன. அங்கே தேவ ஆவியினால் நிரப்பினேன் என்று கர்த்தரே சொல்லுகிறார். ஈராமுக்கு அப்படி எழுதப்படவில்லை, இல்லாததை நான் சேர்க்கமாட்டேன். நீதிமொழிகள் 3:19, 20-ல் கர்த்தர் பூமியையும் வானத்தையும் உண்டாக்கினதைச் சொல்லுகிறபோதும் இந்த மூன்றுதான் வருகின்றன. ஆவியின் நிறைவு என்றால் அந்நியபாஷை என்று உடனே சொல்லிவிடுகிற நாம், பெசலெயேலின் கையில் இருந்தது உளி என்பதைப் பேசுகிறோமா? நான் இருபது வருஷம் பிரசங்கித்தும் ஒரு தடவை பேசினதில்லை.

இந்த ஈராமுக்குத் தொழிலை யார் கற்றுக்கொடுத்தது? தகப்பன்தான் என்று வசனம் நேராகச் சொல்லவில்லை. ஆனாலும் மகனுடைய கைவேலையைச் சொல்லப்போகிற இடத்தில், தகப்பன் கன்னான் என்று எதற்காகச் சேர்த்து எழுத வேண்டும்? பட்டறையில் வளர்ந்தவர்களுக்கு இதற்குப் பதில் தெரியும். அந்தத் தூண்களைக் கி.மு. 586-ல் எருசலேமைப் பிடித்த கல்தேயர் உடைத்துப் பாபிலோனுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு துண்டுகூட இன்று நம்மிடம் இல்லை. தீருவின் கன்னானைப் பற்றின அந்த அரை வரி இருக்கிறது.

47-ம் வசனத்தில், பணிமுட்டுகள் ஏராளமானதால் சாலொமோன் அவைகளை நிறுக்காமல் விட்டான் என்றிருக்கிறது. இதைப் படித்தால் அப்பா ஒத்துக்கொண்டிருக்கமாட்டார். பழைய பித்தளை யார் கொண்டுவந்தாலும் அவர்கள் கண்முன்னே தராசில் வைப்பார். பற்றுவைத்த இடத்துக்குக் கழிவு எவ்வளவு என்பதையும் வாய்விட்டுச் சொல்லுவார். படிக்காத ஒரு பாட்டி, "நீயே பாத்துக் குடுப்பா" என்று திரும்பிக்கொண்டபோதும், "இல்ல ஆத்தா, முள்ளைப் பாருங்க" என்று நிற்கவைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

போன வாரம் அம்மாவிடம் இந்த வசனத்தை வாசித்துக் காட்டினேன். அடுப்படியில் உட்கார்ந்து கேட்டார்கள்.

"அவரு பேரு என்னவாம்?"

"பேரு போடலைம்மா."

அம்மா எழுந்து, பரணிலிருந்து ஒரு பித்தளைக் குண்டானை எடுக்கச் சொன்னார்கள். கல்யாணமான வருஷம் அப்பா தன் கையால் அடித்தது. கழுத்தில் சிற்றுளியால் அம்மாவின் பெயரை வெட்டியிருக்கிறார், எழுத்து இன்னும் தேயவில்லை. ஊரிலுள்ள கல்யாணப் பாத்திரங்களிலெல்லாம் பெயர் வெட்டினவர். திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அவர் பெயர் எங்கும் இல்லை.

"உள்ளே ஈயம் போயிடுச்சு பாரு," என்றார்கள் அம்மா. "பூசறவங்க யாராச்சும் இருக்காங்களான்னு விசாரிப்பா."

கும்பகோணத்தில் ஒருவர் இருக்கிறாராம். வருகிற சனிக்கிழமை எடுத்துக்கொண்டு போகிறேன்.