மோல் என்பது எடை அல்ல

தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்பு வேதியியலில் முதல் பாடமே வேதிக்கணக்கீடுதான். அங்கேயே பல பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் கசந்துவிடுகிறது. கணக்கு கடினம் என்பதால் அல்ல. பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் மேல் அதில் பெரிதாக எதுவும் கிடையாது. சூத்திரம் கைக்கு வந்துவிடுகிறது, அது எதை எண்ணுகிறது என்பது மனதுக்கு வருவதில்லை. அந்த இடைவெளியில் புகுந்த சில நம்பிக்கைகள் கல்லூரி வரைக்கும் கூடவே போகின்றன.

நம்பிக்கை: மோல் என்பது ஓர் எடை அளவு.

மோல் எண்ணிக்கையைச் சொல்வது. 6.022 × 10²³ துகள்கள் சேர்ந்தால் ஒரு மோல். தண்ணீரில் ஒரு மோல் 18 கிராம். சமையல் உப்பில் 58.5 கிராம், சர்க்கரையில் 342 கிராம். எடை மூன்று விதம், எண்ணிக்கை ஒன்றே. பிறகு தராசு எதற்கு? அணுக்களை ஒவ்வொன்றாக எண்ண முடியாததால்தான். ஒரே வகை நாணயங்கள் மூட்டை நிறைய இருக்கின்றன, ஒரு நாணயத்தின் எடையும் தெரியும் என்றால், மூட்டையை எடைபோட்டே எத்தனை நாணயம் என்று சொல்லிவிடலாம். நிறையை மோலார் நிறையால், அதாவது ஒரு மோலின் நிறையால், வகுக்கும்போது நாம் செய்வதும் அதுவே. இதை விளக்காமல், முக்கோணம் வரைந்து, வேண்டியதை விரலால் மறைத்து விடை எடுக்கச் சொல்லும் குறுக்குவழியை நான் ஏற்கவே மாட்டேன். விடை வரும், மாணவருக்குத் தான் எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்பதே தெரியாமல் போகும்.

எண்ணிக்கை என்று புரிந்தவர்தான் ‘எதன் எண்ணிக்கை?’ என்று கேட்பார். ‘ஒரு மோல் ஆக்சிஜன்’ என்று மட்டும் சொன்னால் போதாது. அணுக்கள் என்றால் 16 கிராம், மூலக்கூறுகள் என்றால் 32 கிராம்.

நம்பிக்கை: அந்த எண்ணை அவகாட்ரோ கண்டுபிடித்தார்.

1811-இல் அவகாட்ரோ சொன்னது வேறு: ஒரே வெப்பநிலையிலும் ஒரே அழுத்தத்திலும் சம கனஅளவுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும். எத்தனை என்று அவர் சொல்லவில்லை. 1856-இல் அவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1865-இல், லோஷ்மிட் என்ற அறிவியலாளர் காற்றின் மூலக்கூறுகள் எவ்வளவு பெரியவை என்று மதிப்பிட்டார். எண்ணிக்கைக்கு வழி அங்கேதான் பிறந்தது. அந்த எண்ணுக்கு அவகாட்ரோவின் பெயரைச் சூட்டியவர் பிரெஞ்சு இயற்பியலாளர் பெரன், 1909-இல்.

பாடநூலின் பழைய பதிப்புகளைப் படித்தவர்கள் 12 கிராம் கார்பன்-12-இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கையே மோல் என்று சொல்வார்கள். 2019 மே 20-இலிருந்து அந்த வரையறை நடைமுறையில் இல்லை. இப்போது 6.02214076 × 10²³ என்ற எண்ணே வரையறை. பள்ளிக் கணக்குகளின் விடை இதனால் மாறாது.

நம்பிக்கை: சமன்பாட்டில் முன்னால் நிற்கும் எண்கள் கிராமைக் குறிக்கின்றன.

அதிக மதிப்பெண்களைப் பறிப்பது இதுதான் என்பது என் கணிப்பு. இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறுகளும் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறும் சேர்ந்தால் இரண்டு நீர் மூலக்கூறுகள். இதைப் பார்த்து, 2 கிராம் ஹைட்ரஜனையும் 1 கிராம் ஆக்சிஜனையும் சேர்த்தால் 3 கிராம் நீர் கிடைக்கும் என்று எழுதுகிறார்கள். உண்மையில் அந்த 1 கிராம் ஆக்சிஜனுக்கு 0.125 கிராம் ஹைட்ரஜனே போதும். வருவது 1.125 கிராம் நீர், 1.875 கிராம் ஹைட்ரஜன் வேலையில்லாமல் மிஞ்சும். சமன்பாடு பேசுவது மோலில்: 4 கிராமும் 32 கிராமும் சேர்ந்து 36 கிராம். இங்கே உள்ளே போனது மூன்று மோல், வெளியே வந்தது இரண்டு மோல் என்பதையும் கவனியுங்கள். மாறாமல் இருப்பது நிறையும் அணுக்களின் எண்ணிக்கையும்தான். மூலக்கூறுகளின் எண்ணிக்கை மாறலாம்.

இதே குழப்பம்தான் வினைக்கட்டுப்பாட்டுக் காரணியிலும், அதாவது முதலில் தீர்ந்து வினையை நிறுத்தும் பொருளைக் கண்டுபிடிப்பதிலும், வந்து நிற்கிறது. எடை குறைவாக உள்ள பொருளே முதலில் தீரும் என்று நினைத்துவிடுகிறார்கள். 10 கிராம் ஹைட்ரஜனும் 64 கிராம் ஆக்சிஜனும் இருக்கட்டும். முதலாவது 5 மோல், அடுத்தது 2 மோல். 2 மோல் ஆக்சிஜனுக்கு 4 மோல் ஹைட்ரஜன் வேண்டும். கையில் 5 இருக்கிறது. ஆக, ஆறு மடங்குக்கும் மேல் எடையுள்ள ஆக்சிஜன்தான் முதலில் தீர்கிறது. 72 கிராம் நீர், மிச்சம் 2 கிராம் ஹைட்ரஜன்.

நம்பிக்கை: எந்தப் பொருளானாலும் ஒரு மோல் 22.4 லிட்டர்.

வாயுக்களுக்கு மட்டும், அதுவும் 0 டிகிரி செல்சியஸில், 1 வளிமண்டல அழுத்தத்தில் மட்டும். 25 டிகிரியில் அது சுமார் 24.5 லிட்டர். ஒரு மோல் தண்ணீர் திரவமாக இருந்தால் 18 மில்லிலிட்டர்தான்.

நம்பிக்கை: ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மோல் கரைத்தால் 1 மோலார் கரைசல்.

கரைசல்தான் ஒரு லிட்டர் இருக்க வேண்டும், தண்ணீர் அல்ல. 342 கிராம் சர்க்கரையை முழு லிட்டர் தண்ணீரில் கொட்டினால் கரைசல் ஏறத்தாழ 1.2 லிட்டருக்கு வந்துவிடும், செறிவு குறைந்துபோகும். முதலில் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, பிறகு ஸ்டாண்டர்டு ஃபிளாஸ்கின் கழுத்துக் கோடு வரை நிரப்பச் சொல்வது இதனால்தான். சோடியம் ஹைட்ராக்சைடு கரையும்போது சூடாகும். ஆறவிட்டுத்தான் கோடு வரை நிரப்ப வேண்டும்.

நம்பிக்கை: மோல் தேர்வோடு முடிந்துவிடும்.

ரத்தப் பரிசோதனைத் தாளைப் பாருங்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை 126-ஐத் தொட்டால் நீரிழிவு என்று நம் ஊரில் சொல்வது டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் லிட்டருக்கு மில்லிமோல். அங்கே அதே எல்லை 7. குளுக்கோஸின் மோலார் நிறை 180 என்பதால் ஒரு மில்லிமோல் 180 மில்லிகிராம். ஒரு டெசிலிட்டர் லிட்டரில் பத்தில் ஒரு பங்கு என்பதால் 18-ஆல் வகுக்கிறோம். அதே 18-ஐக் கொலஸ்ட்ராலுக்கும் போட்டுவிடக் கூடாது. அதன் மூலக்கூறு இரண்டு மடங்குக்கும் மேல் கனமானது, மோலார் நிறை சுமார் 387. அங்கே வகுக்க வேண்டியது 38.7-ஆல். இங்கே 200 என்று வரும் கொலஸ்ட்ரால் சிங்கப்பூர்த் தாளில் 5.2.