இந்த மாதப் பாடம்: துணி துவைத்த காசில் ஒரு கல்வி நிதி



ஜூன் மாதம் வந்தாலே நம்ம குழுக் கூட்டங்களில் கடன் மனு கூடிவிடும். மாட்டுக்கு, கடைக்கு என்று கேட்பவர்களைவிட, "பொண்ணுக்கு காலேஜ்ல சீட் கிடைச்சிருச்சு, பணம் கட்டணும்" என்று கேட்பவர்கள்தான் அதிகம். உள்கடன் கொடுக்கிறோம். கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் மாடு வாங்கினால் அது பால் கறந்து கடனை அடைக்கும். படிப்பு அப்படி இல்லை, பலன் வர மூன்று வருடம் ஆகும். அதுவரை தவணை கட்டுவது அம்மாவின் கூலியில் இருந்துதான். நடுவில் ஒரு மழைக்காலம் வேலை இல்லாமல் போனால் போதும், முதலில் நிற்பது பெண் பிள்ளையின் படிப்பு. இது நமக்கெல்லாம் தெரிந்ததுதானே?

திருப்பிக் கட்ட வேண்டாத ஒரு கல்வி உதவி நிதியை ஊர்க்காரர்களே உண்டாக்க முடியுமா? அதற்குப் பெரிய பணக்காரர் யாராவது முன்வர வேண்டுமா? இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் இரண்டு ஊர்களில் கிடைத்த பதிலை இந்த மாதம் படிக்கலாம். "அமெரிக்காவா? அங்கதான் எல்லாருமே வசதியானவங்களாச்சே!" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். முதலில் வருகிறவர் ஊரார் துணியைத் துவைத்துப் பிழைத்தவர்.

ஒசியோலா அம்மா

அவர் பெயர் ஒசியோலா மெக்கார்ட்டி. 1908-ல் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்த கறுப்பினப் பெண். ஹாட்டீஸ்பர்க் என்ற ஊரில் பாட்டி, அம்மா, சித்தியோடு வளர்ந்தார். ஆறாம் வகுப்பு படிக்கும்போது சித்திக்கு நடக்க முடியாமல் போனது. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். வீட்டில் யார் படிப்பை நிறுத்துவார்கள்? பெண் பிள்ளைதான். ஒசியோலா பள்ளியை விட்டு நின்றார், திரும்பப் போகவே இல்லை.

பாட்டியும் அம்மாவும் செய்த சலவை வேலையையே அவரும் செய்தார். முற்றத்தில் பெரிய அண்டாவில் தண்ணீர் கொதிக்க வைத்து, துணியை வேகவைத்து, பலகையில் தேய்த்து, கொடியில் காயப்போட்டு, இஸ்திரி போட்டுக் கொடுப்பார். ஆரம்பத்தில் ஒரு மூட்டைத் துணிக்குக் கூலி ஒன்றரை அல்லது இரண்டு டாலர். பிறகு பத்து டாலர் வரை உயர்ந்தது. 1960-களில் துவைக்கும் மெஷின் வாங்கிப் பார்த்தார். கையால் துவைத்த அளவுக்கு வெளுப்பு வரவில்லை என்று அதைக் கொடுத்துவிட்டு மறுபடியும் அண்டாவுக்கே வந்துவிட்டார்!

சின்ன வயதில் தன் பொம்மை வண்டியில் காசை ஒளித்து வைப்பாராம். பெரியவளானதும் வங்கியில் போட ஆரம்பித்தார். போட்டதை எடுக்கவே மாட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கார் கிடையாது, கடைக்குப் போக தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பார். வங்கி ஊழியர்கள் சொல்லிச் சொல்லி வீட்டுக்கு ஒரு ஏசி வாங்கினார், அதையும் யாராவது விருந்தாளி வந்தால்தான் போடுவார். (இப்படி வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்க்கும்படி நாம் யாருக்கும் சொல்லவில்லை. நம்ம பெண்கள் ஏற்கெனவே கடைசியாகச் சாப்பிடுகிறவர்கள். தனி ஆளாக இருந்ததால் அவரால் அப்படி முடிந்தது.)

மூட்டு வலி அதிகமாகி, 86 வயதில், 1994 கடைசியில்தான் வேலையை நிறுத்தினார்.

பத்து காசுக் கணக்கு

இந்த இடத்தைக் குழுவில் நிறுத்திப் படியுங்கள். பாட்டிக்கு வயதாகிறதே, அவருக்குப் பிறகு இந்தப் பணம் என்ன ஆகும் என்று வங்கி அதிகாரி ஒருவர் கேட்டார். கணக்கு, சதவீதம் என்றெல்லாம் பேசி அவரைக் குழப்பவில்லை. பத்து சென்ட் காசுகள் பத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இந்தப் பத்தும்தான் உங்கள் மொத்தச் சேமிப்பு, யாருக்கு எத்தனை என்று பிரித்து வையுங்கள்" என்ற மாதிரி விளக்கினார். ஒசியோலா அம்மா ஒரு காசைத் தன் சர்ச்சுக்கு வைத்தார். மூன்று சொந்தக்காரர்களுக்கு ஆளுக்கு ஒன்று. மீதி ஆறு காசையும் ஊரில் இருக்கும் தெற்கு மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கு, வசதியில்லாத பிள்ளைகள் படிக்க என்று நகர்த்தி வைத்தார்.

அந்த ஆறு காசின் மதிப்பு எவ்வளவு தெரியுமா? 1,50,000 டாலர்! 1995-ல் அது நம்ம பணத்தில் நாற்பது லட்சத்துக்கும் மேல்.

நீண்ட காலம் அவரிடம் துணி போட்ட வக்கீல் ஒருவர்தான் பத்திரம் எழுத உதவினார். அந்தப் பத்திரத்தில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பணத்தை அன்றைக்கே தூக்கிக் கொடுத்துவிடவில்லை. அவர் உயிரோடு இருக்கும்வரை வங்கி அந்தப் பணத்தை நிர்வகித்து, அவருடைய செலவுக்குக் கொடுக்க வேண்டும். அவர் காலத்துக்குப் பிறகுதான் பல்கலைக்கழகத்துக்கு. தன் முதுமைக்கு வழி செய்துவிட்டுத்தான் தானம் செய்தார். இதை நாம் பெரிய புத்திசாலித்தனமாகவே நினைக்கிறோம்.

அந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது வெள்ளையர் மட்டும் படித்த இடம். அதே ஊர்ப் பக்கத்தைச் சேர்ந்த கிளைட் கென்னார்ட் என்ற கறுப்பின இளைஞர் 1950-களில் அங்கே சேரத் திரும்பத் திரும்ப முயன்றார். சேர்க்கவில்லை. அதோடு விடவில்லை. 25 டாலர் பெறுமான கோழித் தீவனம் திருடு போனதற்கு அவர் உடந்தை என்று பொய் வழக்குப் போட்டு, 1960-ல் ஏழு வருடச் சிறைத் தண்டனை வாங்கிக் கொடுத்தார்கள். 1963-ல் புற்றுநோயில் இறந்தார். அவர் குற்றமற்றவர் என்று கோர்ட் சொன்னது 2006-ல்! அங்கே கறுப்பின மாணவர்களை முதன்முதலாகச் சேர்த்தது 1965-ல்தான். அப்போது ஒசியோலா அம்மாவுக்கு 57 வயது. தன் இனத்துப் பிள்ளைகள் நுழையவே முடியாமல் இருந்த வாசலுக்குத்தான் அவர் ஆறு காசை நகர்த்தி வைத்தார்.

ஊர் சேர்ந்தது

செய்தி 1995-ல் வெளியே வந்தது. பணம் அவர் காலத்துக்குப் பிறகுதானே கிடைக்கும், இப்போது படிக்கிற பிள்ளைக்கு என்ன வழி? ஊர்க்காரர்கள் அதற்குக் காத்திருக்கவில்லை. உள்ளூர் வியாபாரிகள் அந்த அம்மா கொடுத்த அளவுக்கு நாங்களும் சேர்த்துத் தருகிறோம் என்றார்கள். வெளியூர்களில் இருந்தும் பணம் வந்தது. 600-க்கும் மேற்பட்டவர்கள் கொடுத்ததில் சுமார் 3,30,000 டாலர் சேர்ந்துவிட்டது. அதாவது அந்த அம்மா கொடுத்ததைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அதனால் அதே வருடம் உள்ளூர்ப் பெண் ஒருத்திக்கு 1,000 டாலர் உதவித்தொகை கிடைத்தது. அந்த மாணவியைத் தேர்ந்தெடுத்தது பல்கலைக்கழகம். 

இவ்வளவு பணத்தை உங்களுக்கே செலவு செய்திருக்கலாமே என்று கேட்டவர்களிடம், எனக்காகத்தானே செலவு செய்கிறேன் என்று அவர் பதில் சொன்னதாகப் பத்திரிகைகளில் வந்தது. ஜனாதிபதி பில் கிளின்டன் பதக்கம் கொடுத்தார். ஆறாம் வகுப்போடு நின்றவருக்கு 1996-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 1999-ல் 91 வயதில் காலமானார். நிதி அவர் பெயரில் இருக்கிறது.

ஆளுக்கு ஒரு டாலர்

தனி ஒருவர் ஆயுள் முழுக்கச் சேர்த்தது இது. எல்லோரும் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால்? அதற்கு மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபால் ரிவர் என்ற ஊரைப் பார்க்க வேண்டும். துணி ஆலைகள் மூடிப்போய் நொடித்துக் கிடந்த ஊர். அங்கே எர்விங் ஃபிராட்கின் என்ற கண் பரிசோதகர் இருந்தார். ரொட்டிக் கடைக்காரரின் மகன். ஏழைப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்ப நிதி திரட்டுவேன் என்று சொல்லி உள்ளூர்ப் பள்ளிக் குழுத் தேர்தலில் நின்றார், தோற்றுப் போனார். தோற்றால் என்ன, சொன்னதைச் செய்யலாமே என்று 1958-ல் ஊரில் ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு டாலர் கேட்டு நிதியைத் தொடங்கிவிட்டார். பிறகு மற்ற ஊர்களிலும் இதேபோல் கிளைகள் வந்தன. அந்தந்த ஊர்க்காரர்களே சம்பளம் வாங்காமல் வசூல் செய்து, தங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கே கொடுத்தார்கள். அவர் 2016-ல் காலமானார். அவர் தொடங்கியது நாடு முழுவதற்குமான பெரிய அமைப்பாகிவிட்டது.

நம்ம கூட்டமைப்பில் என்றால்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 குழு, குழுவுக்கு 15 பேர் என்றால் 900 உறுப்பினர். ஆளுக்கு மாதம் 10 ரூபாய் போட்டால் மாதம் 9,000 ரூபாய், வருடத்துக்கு 1,08,000 ரூபாய். இதை ஃபால் ரிவர் மாதிரி அந்தந்த வருடமே கொடுத்துவிடலாம். இல்லையென்றால் மூன்று வருடம் தொடாமல் சேர்த்து, 3,24,000 ரூபாயை டெபாசிட் போட்டு, வட்டியை மட்டும் கொடுக்கலாம். 7 சதவீத வட்டி என்று வைத்தால் வருடம் 22,680 ரூபாய் வரும். தொகை சின்னதுதான், ஆனால் அசல் கரையாது. முதல் வழியில் நிறையப் பேருக்கு உடனே கிடைக்கும், வசூல் நின்றால் நிதியும் நின்றுவிடும். பாதி அப்படி, பாதி இப்படி வைப்பது நல்லது என்பது எங்கள் எண்ணம்.

இவ்வளவு பணத்தில் யாருடைய முழு ஃபீஸையும் கட்ட முடியாது. அந்த ஆசை காட்டவும் கூடாது. அரசு உதவித்தொகைக்கு முதலில் விண்ணப்பிக்க வேண்டும். சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு எல்லாம் பள்ளி முடியும் முன்பே தயாராக இருக்கணும். ஆனால் அந்தப் பணம் பிள்ளையின் கணக்குக்கு வந்து சேர மாதக் கணக்கில் ஆகலாம். அதுவரை விண்ணப்பக் கட்டணம், பஸ் செலவு, ஹாஸ்டல் முன்பணம் என்று படிப்பைத் தொடக்கத்திலேயே நிறுத்திவிடுகிற செலவுகள் இருக்கின்றனவே, ஊர் நிதி அங்கேதான் உதவும்.

இதில் சண்டை வருகிற இடம் ஒன்றே ஒன்றுதான்: யாருக்குக் கொடுப்பது? குழுச் சேமிப்போடு கலக்காமல் தனி வங்கிக் கணக்கு, தனி நோட்டு, இரண்டு பேர் கையெழுத்து என்பதெல்லாம் நமக்குப் பழக்கமானவை. அதோடு, தன் பிள்ளையோ சொந்தக்காரப் பிள்ளையோ மனு போட்டிருந்தால் அந்தப் பொறுப்பாளர் தேர்வுக் கூட்டத்தில் உட்காரக் கூடாது. ஊர்ப் பள்ளி ஆசிரியை ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் பேச்சு வராது. இன்னொன்று, உதவி வாங்கிய பிள்ளையின் போட்டோவை ஃபிளெக்ஸில் போட்டு மேடையில் நிறுத்த வேண்டாம். எத்தனை பேருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று கணக்கைப் படித்தால் போதும். வாங்குகிற பிள்ளைக்கும் தன்மானம் உண்டு இல்லையா?

அடுத்த கூட்டத்தில் பேசுவதற்கு

நம்ம குழுவில் போன வருடம் படிப்புக்காக வாங்கிய கடன் மொத்தம் எவ்வளவு, அதில் இன்னும் நிலுவை எவ்வளவு?

நம்ம ஊரில் பிளஸ் டூ முடித்தும் மேலே படிக்காமல் இருக்கும் பெண்கள் யார் யார், எந்தச் செலவில் நின்றது?

பத்து காசை (புளியங்கொட்டையும் வைக்கலாம்) நடுவில் வைத்து, ஒவ்வொரு உறுப்பினரும் தன் சேமிப்பு யார் யாருக்கு என்று பிரித்துக் காட்டட்டும். தனக்கென்று எத்தனை காசு வைக்கிறார் என்று பாருங்கள்.

மாதம் 10 ரூபாய் முடியுமா, 5 ரூபாயா? பேசி முடித்ததைத் தீர்மான நோட்டில் எழுதி, ஊக்குநர் மூலம் கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொடுத்து அனுப்புங்கள்.