நோன்பு அதிரசத்துக்கு மாவு: ஞாயிற்றுக்கிழமையே கிளறுங்கள்
சாலவாக்கம் வட்டாரத்துக்கு 2026 ஐப்பசி மாத ஆலோசனை

இந்த வருஷம் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. அமாவாசை அன்று முற்பகலில் தொடங்கி மறுநாள் திங்கள் நண்பகல் வரை இருக்கிறது. கேதார கௌரி நோன்பு எடுக்கும் வீடுகளில் ஞாயிறு சாயங்காலம் எடுப்பதா, திங்கள் காலையா என்ற பேச்சு கடைசி நாளில் கிளம்பினால் வீடே இரண்டுபடும். இப்போதே மாமியாரிடமோ பெரியப்பா வீட்டிலோ கேட்டு வையுங்கள். கோயிலுக்குக் கொண்டுபோய் எடுப்பவர்கள் குருக்களிடம் நேரத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள். பங்காளி வீட்டில் சாவு விழுந்து தீட்டு இருந்தால் இந்த வருஷம் நோன்பு கிடையாது. தீட்டு எதுவரை என்பதையும் வீட்டுப் பெரியவர்களே சொல்வார்கள்.

உத்திரமேரூர், செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கமெல்லாம் நோன்பு என்றால் அதிரசம்தான். கௌரி 21 நாள் விரதமிருந்து சிவனின் உடம்பில் பாதியைப் பெற்றாள் என்பது கதை. அதனால்தான் அதிரசம் 21, வெற்றிலை 21, பாக்கு 21, மஞ்சள் 21 என்று எல்லாமே அந்தக் கணக்கு. யாழ்ப்பாணத்துக்காரர்களும் இந்த விரதத்தை விடாமல் பிடிக்கிறார்கள், கயிறும் கட்டிக்கொள்கிறார்கள். ஜாங்கிரி, மைசூர்பாகு எல்லாம் கடையில் கிடைக்கும். நோன்புத் தட்டில் கடை அதிரசம் வைக்க இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு இன்னும் மனசு வருவதில்லை. என்னைக் கேட்டால் இந்த வருஷம் வீட்டில் செய்ய வேண்டிய இனிப்பு அது ஒன்றுதான். மற்றதெல்லாம் நேரம் இருந்தால்.

ஒரகடம், மறைமலைநகர் கம்பெனிகளுக்கு ஷிஃப்டு போகிறவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். மாவு கிளற அவர்களுக்கு வாகான நாள் நவம்பர் 1, ஞாயிறு. பாகு பதமாக இருந்தால் மாவு ஒரு வாரம் தாங்கும், புளிக்கப் புளிக்க அதிரசமும் மெத்தென்று வரும். 7-ஆம் தேதி சனிக்கிழமை சுட்டுக்கொள்ளலாம். வியாழக்கிழமைக்குத் தள்ளிப்போட்டால் மில்லில் கூட்டம், மேலே மழை, நடுவில் கரண்ட் கட்.

மாவுப் பச்சரிசி என்று கேட்டு வாங்குங்கள். ரேஷன் பச்சரிசியும் ஆகும், கல் பார்த்து நன்றாகக் களைய வேண்டும், அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் ஊறினால் போதும். தண்ணீரை வடித்து, வெள்ளை வேட்டியில் நிழலில் பரப்புங்கள். ஐப்பசிக் காற்றில் ஈரம் சீக்கிரம் போகாது, ஃபேனைப் போட்டுவிடுங்கள். அரிசியை அள்ளிப் பிடித்துக் கையை விரித்தால் நாலைந்து மணி உள்ளங்கையில் ஒட்டி நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. அதுதான் அரைக்கும் நேரம். அதற்கு மேல் காயவிட்டால் அதிரசம் விறைத்துப்போகும். பாக்கெட் அரிசி மாவு இதற்கு உதவாது.

மில்லுக்குப் போனால் உங்களுக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்று பார்த்துவிட்டுத் தூக்கைக் கொடுங்கள். மிளகாய்த்தூளுக்கு அடுத்து உங்கள் அரிசி இறங்கினால் நோன்பு அதிரசம் காரமாகிவிடும். யாராவது அரிசி அரைத்துவிட்டு நகரும் வரை நில்லுங்கள்.

ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம். பளபளவென்று மஞ்சளாக இருக்கும் வெல்லத்தை ஒதுக்குங்கள், அந்த நிறத்துக்காக மருந்து போட்டிருப்பார்கள். கருத்த பாகு வெல்லமே நல்லது. முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கரைத்து வடிகட்டுங்கள், மண் அடியில் தங்கும். பிறகு அடுப்பில் ஏற்றினால் பாத்திரத்தை விட்டு நகரக் கூடாது. போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் இருக்கட்டும். ஒரு சொட்டு பாகை அதில் விட்டு விரலால் கூட்டிப் பாருங்கள். கரைந்து ஓடினால் இன்னும் கொதிக்கட்டும். உருண்டு வந்து, அழுத்தினால் அமுங்கும் உருண்டையாக நின்றால் உடனே இறக்குங்கள். தட்டில் போட்டு ‘ணங்’ என்று கேட்டால் அது கமர்கட்டுப் பதம். அதில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் கொதிக்கவிட்டு மறுபடி பதம் பிடிக்கலாம்.

மாவைக் கொட்டும்போது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டாதீர்கள். ஏலக்காயும் சுக்கும் தட்டிப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறி, சற்றுத் தளர்வாக இருக்கும்போதே நிறுத்துங்கள். ஆறினால் தானாக இறுகும். பாகில் போடாத மாவில் இரண்டு கை எடுத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள், பின்னால் கை கொடுக்கும். கிளறிய மாவின் மேல் நெய் தடவி, துணியால் வாய் கட்டி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். ஈரக் கையால் தொடக் கூடாது. மழைக்காலம் என்பதால் தினம் ஒருமுறை திறந்து பாருங்கள். பூசணம் தெரிந்தால் மேலாகச் சுரண்டிவிட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

சுடும் அன்று முதலில் ஒன்றே ஒன்று தட்டிப் போட்டுப் பாருங்கள். எண்ணெயில் பிரிந்து போனால் பாகு இளசு என்று அர்த்தம், எடுத்து வைத்த மாவைச் சேர்த்துப் பிசையுங்கள். கல்லாக வந்தால் பாகு முற்றிவிட்டது, வெதுவெதுப்பான பாலைத் தெளித்துப் பிசைந்து அரைமணி விடுங்கள். நோன்புக்கு முன்னால் எச்சில் படக் கூடாதென்பதால் அந்த முதல் அதிரசத்தை விண்டுதான் பார்க்க முடியும், வாயில் போட முடியாது. பிள்ளைகளிடமிருந்து அதைக் காப்பாற்றுவது உங்கள் சாமர்த்தியம். தீ மிதமாக இருக்கட்டும். உப்பி மேலே வந்ததும் திருப்பி, சிவந்ததும் எடுத்து, இரண்டு தட்டைக் கரண்டிக்கு நடுவில் வைத்து எண்ணெயைப் பிழியுங்கள்.

தீபாவளிச் சீட்டு கட்டியவர்களுக்குச் சாமான் வரும் நேரம் இது. வாங்கின இடத்திலேயே வெல்லத்தையும் பருப்பையும் எடை போட்டு, எண்ணெய் பாக்கெட்டில் தேதி பார்த்துவிடுங்கள். வீட்டுக்கு வந்தபின் சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். ஒருமுறை பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டாம். கடைகளுக்கு இதற்கென்று அளவே இருக்கிறது: எண்ணெயில் கெட்டுப்போன சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து உணவுப் பாதுகாப்பு விதி. வீட்டில் அளக்கக் கருவி இல்லை. நுரை கட்டினாலும் கருத்தாலும் ஒதுக்குங்கள்.

முறுக்கு, தட்டை கடைசி இரண்டு நாளில் போதும், முன்னதாகச் சுட்டால் ஈரக்காற்றில் நமத்துப்போகும். தீபாவளி மருந்துக்கு சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் இப்போதே வாங்கிக் காயவைத்துவிடுங்கள். சர்க்கரைக்காரர்கள் வெல்லம்தானே என்று ஏமாற வேண்டாம், அரை அதிரசத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெடி வெடிக்கக் காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று சில வருஷமாக அரசு நேரம் குறித்துவருகிறது. இந்த வருஷ அறிவிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். வேடந்தாங்கல் ஏரிக்கரை ஊர்க்காரர்கள் பறவைகளுக்காக வெடியையே விட்டவர்கள், அந்தப் பக்கம் விருந்துக்குப் போகிறவர்கள் பையில் பட்டாசு எடுத்துப் போகாதீர்கள்.

தெருவில் துக்கம் நடந்த வீடு இருந்தால் அங்கே இந்த வருஷம் எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். அவர்களுக்கும் சேர்த்துச் சுடுங்கள், நோன்பு முடிந்ததும் முதல் தூக்கு அங்கே போகட்டும். பட்டணத்துப் பிள்ளைகளுக்குக் கட்டிக்கொடுப்பதை முழுக்க ஆறவிட்டு எவர்சில்வர் டப்பாவில் காகிதம் போட்டு அடுக்குங்கள். சூட்டோடு பிளாஸ்டிக் டப்பாவில் மூடினால் தாம்பரம் தாண்டுவதற்குள் வியர்த்துவிடும்.