10 கிகாபிட் லைன்: பெட்டிக்கு முதல் போர்ட்டைப் பாருங்க

போன எபிசோடில் வேகமான இன்டர்நெட் பற்றிக் கதைச்ச பிறகு, நிறையப் பேர் கேட்ட கேள்வி: "எந்த ரவுட்டர் வாங்கிறது?" நானும் அதே கேள்வியோடதான் தொடங்கி 400 பிராங்கை வீணாக்கினன்.

சுவிஸில் 10 கிகாபிட் ஃபைபர் இப்ப சாதாரண வீட்டுக்கே கிடைக்குது. லைன் வந்த அன்றே புது ரவுட்டர் பூட்டினன். ஸ்பீட் டெஸ்ட் 940 மெகாபிட்டைத் தாண்டவே இல்லை. லைன்ல பிழை என்று நினைச்சு ரெண்டு நாள் போன்ல மல்லுக்கட்டினன். கடைசியில பார்த்தா, ஃபைபர் பக்கத்துப் போர்ட் மட்டும்தான் 10 கிகாபிட். வீட்டுப் பக்கத்து நாலு போர்ட்டும் 1 கிகாபிட்!

அதனால, 940 என்று கண்டாலே பாதையில எங்கேயோ 1 கிகாபிட் போர்ட் இருக்கு என்று சந்தேகப்படுங்க. ரவுட்டர், சுவிட்ச், கணினியின் நெட்வொர்க் கார்ட், மூன்றில ஒன்று 1 கிகாபிட் என்றாலும் மற்ற ரெண்டுக்கும் குடுத்த காசு வீண்.

சுவருக்குள்ள பழைய கேட் 5இ வயர் இருந்தா உடைக்க வேண்டாம். 2016இல் வந்த 802.3பிஇசட் தரத்தின்படி அதிலேயே 100 மீட்டருக்கு 2.5 கிகாபிட் போகும். 10 கிகாபிட்டுக்குக் கேட் 6 என்றால் 55 மீட்டர் வரை, கேட் 6ஏ என்றால் 100 மீட்டர். எஸ்எஃப்பி பிளஸ் போர்ட்டில செப்பு வயர் மாட்யூல் போட்டா நல்லாச் சூடாகும்; பக்கத்துப் பெட்டிக்கு டிஏசி கேபிள் போதும்.

என்னைக் கேட்டா, வேலை மேசைக்கும் நாஸுக்கும் மட்டும் 10, மற்ற அறைகளுக்கு 2.5 சுவிட்ச். டிவிக்கு 100 மெகாபிட்டே மிச்சம்.

அந்த 400 பிராங் ரவுட்டர் இப்ப கெல்லரில கிடக்குது.