நால்வகைத் தானமும் ஊர்ப் பொதுவாழ்வும்

இல்லறத்தில் நின்று அறம் பேணும் சிராவகர்க்கு உரிய கடமைகளுள் தானம் முதன்மையானது. அத்தானத்தை நம் ஆசிரியர்கள் நான்காக வகுத்தனர். பசித்தவர்க்கு உணவளித்தல், பிணியுற்றவர்க்கு மருந்தளித்தல், அறியாதவர்க்குக் கல்வி தருதல், அஞ்சி வந்தவர்க்கு அடைக்கலம் ஈதல் என்பன அவை. வடமொழியில் ஆகார தானம், ஔடத தானம், சாத்திர தானம், அபய தானம் என வழங்குவர்.

இவற்றை ஒருவர் மற்றொருவர்க்குச் செய்யும் தனிப்பட்ட உதவி என்றே நம்மிற் பலர் கருதுகின்றோம். ஆயின் ஓர் ஊர் முழுதும் கூடி, முறை வகுத்து, ஆண்டுதோறும் தவறாமல் இவற்றை நடத்தும்போதே ஒரு சிறுபான்மைச் சமூகம் நிலைபெறுகின்றது. ஊர் மாறினாலும் அமைப்பு மாறினாலும் அக்கடமை கைவிடப்படாதவரை சமூகம் அழிவதில்லை. இதுவே இப்பாடத்தின் கருத்து. இதனை விளக்க இரண்டு சமூகங்களை நோக்குவோம். ஒன்று நம் தமிழ்ச் சமணச் சிற்றூர்கள். மற்றொன்று கடல் கடந்த கனடா நாட்டின் புல்வெளிப் பகுதியில் வாழும் ஓர் அகிம்சைச் சமூகம். பின்னர், சிற்றூரினின்றும் பெயர்ந்து தாம்பரம் முதலிய தென்சென்னைப் புறநகர்களில் வாழும் குடும்பங்களின் நிலையை ஆராய்வோம்.

1. உழவராய் வாழ்ந்த சமணர்

சமணர் என்றவுடன் வணிகரை நினைப்பது நகரத்தார் வழக்கம். தமிழ்ச் சமணரோ வழிவழியாக உழவர். மேல்சித்தாமூர், வீடூர், பெருமண்டூர், விழுக்கம், பொன்னூர், கரந்தை, திருநறுங்கொண்டை, திருப்பருத்திக்குன்றம் என அவர்தம் ஊர்கள் விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை, காஞ்சிபுரம் மாவட்டங்களிற் பரவியுள்ளன. 2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி தமிழ்நாட்டில் சமணராகப் பதிவானோர் 89,265 பேர். வடபுலத்திலிருந்து வந்து குடியேறியோரும் இத்தொகையில் அடங்குவர். ஆயிரம் பேரில் ஒருவர் என்ற அளவைச் சற்றே கடக்கும் இச்சிறு தொகையினுள்ளும் தமிழ்ச் சமணர் ஒரு பகுதியினரே.

ஏர் உழும்போது மண்ணிலுள்ள சிற்றுயிர்கள் மடிகின்றனவே, உழவு அகிம்சைக்கு ஒத்ததாகுமா என்று இளைஞர் சிலர் வினவுவதுண்டு. நம் நூல்கள் கொலையை நான்காகப் பிரித்துள்ளன. வேண்டுமென்றே செய்வது சங்கல்பம். சமைத்தல், பெருக்குதல் போன்ற இல்லறச் செயல்களில் நேர்வது ஆரம்பம். பிழைப்புக்குரிய தொழிலில் நேர்வது உத்தியோகம். தம்மையும் பிறரையும் காக்கும்பொருட்டு எதிர்த்து நிற்கையில் நேர்வது விரோதம். இவற்றுள் முதலாவதை இல்லறத்தார் முற்றிலும் விலக்குதல் வேண்டும். ஏனைய மூன்றையும் இயன்றவரை குறைத்துக்கொள்ளல் வேண்டும். உழவு மூன்றாம் வகையைச் சார்ந்தது. ஆதலால் அது விலக்கப்படவில்லை. விழிப்போடு செய்யப்படவேண்டிய தொழிலாயிற்று.

இவ்விழிப்பே ஊரின் அன்றாட ஒழுங்கையும் அமைத்தது. நீரை வடிகட்டியே பருகினர். கதிரவன் மறையுமுன் உண்டனர். வயலிலிருந்து பொழுதோடு திரும்பினாலன்றி உணவில்லை. ஆகவே விளக்கேற்றும் வேளைக்குள் அடுப்பு அணைந்துவிடும். ஒரு வீட்டார் மட்டும் கடைப்பிடிப்பது அரிதான இந்நோன்பு, தெருவினர் அனைவரும் கடைப்பிடிக்கையில் எளிதாயிற்று. பொதுவாழ்வின் பயன் இங்கே விளங்கும்.

2. பள்ளியும் புகலிடமும்

செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர் உருவங்கள் பாறையிற் செதுக்கப்பட்டுள்ளன. அங்குள்ள பழங்கல்வெட்டு, சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைக் கூறுகின்றது. துறவியர் தங்கிய இத்தகைய இடங்களே பள்ளி எனப்பட்டன. துறவியர் தம்மை நாடிவந்த ஊர்ச் சிறார்க்கு எழுத்தும் எண்ணும் கற்பித்தமையால், கல்விச்சாலைக்கே பள்ளி என்னும் பெயர் நிலைத்தது என அறிஞர் மயிலை சீனி. வேங்கடசாமி தம் ‘சமணமும் தமிழும்’ என்னும் நூலில் விளக்குவார். துறவிக்கு ஊர் உணவளித்தது. ஊருக்குத் துறவி கல்வியளித்தார். தானம் இருவழியாகவும் சென்றதை இதனால் உணரலாம்.

அபய தானத்திற்கும் கல்வெட்டுச் சான்று உண்டு. திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில், ‘அஞ்சினான் புகலிடம்’ என்ற பெயரோடு ஓர் இடம் குறிக்கப்பெறுகின்றது. அச்சம் கொண்டு ஓடிவந்தவனுக்குக் காப்பளிக்கும் இடம் என்பது அதன் பொருள். ஈண்டு ஒன்று கருதத்தக்கது. அடைக்கலம் தருவது இரக்கமுடைய ஒருவரின் மனநிலையைப் பொறுத்ததாக விடப்படவில்லை. அதற்கென ஓர் இடமும் அவ்விடத்திற்கு ஒரு பெயரும் இருந்தன. இரக்கம் ஓர் ஏற்பாடாயிற்று.

3. புல்வெளி நாட்டில் ஓர் அகிம்சைச் சமூகம்

இனி, நம்மோடு எத்தொடர்பும் இன்றியே கொல்லாமையின் ஒரு கூற்றைத் தம் வாழ்வின் அடிப்படையாகக் கொண்ட மற்றொரு சிறுபான்மையினரைக் காண்போம். கிறித்தவ சமயத்தில் மென்னோனைட் என்றொரு பிரிவினர் உளர். 16-ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்துப் பகுதியில் வாழ்ந்த மென்னோ சைமன்ஸ் என்பவர் பெயரால் அழைக்கப்படுபவர். படைக்கலம் ஏந்துவதில்லை, ஆணையிட்டுச் சத்தியம் செய்வதில்லை என்பவை அவர்தம் உறுதிகள். இவ்வுறுதிகளின் பொருட்டுத் துன்புறுத்தப்பட்டு விஸ்துலா ஆற்றுச் சமவெளிக்கும், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருசியப் பேரரசின் தென்பகுதிக்கும் குடிபெயர்ந்தனர். அங்கும் 1870-களில் கட்டாயப் படைப்பணி வந்தபோது, சுமார் 7,000 பேர் 1874 தொடங்கிக் கனடாவின் மானிட்டோபா மாநிலத்தை அடைந்தனர். படைப்பணியிலிருந்து விலக்கு அளிப்பதாக அந்நாட்டரசு 1873-இல் வாக்களித்திருந்தது. அஞ்சினார்க்கு அந்நாடு புகலிடமாயிற்று.

மரமற்ற புல்வெளியில் அவர்கள் அமைத்த ஊர்கள் ஒரே நீண்ட தெருவை உடையவை. தெருவின் இருமருங்கும் வீடுகள். வீட்டோடு ஒட்டியே தொழுவம். வீடுகளுக்கு அப்பால் வயல்கள். 1876-இல் தோன்றிய நொய்பெர்க்தால் என்னும் ஊர் இவ்வமைப்பை இன்றும் காட்டுவதால் கனடாவின் தேசிய வரலாற்றுச் சின்னமாகப் போற்றப்படுகின்றது.

அவர்களிடம் இரண்டு பொது ஏற்பாடுகள் இருந்தன. தீயில் வீடிழந்தவர்க்கு ஊரார் பங்கு பங்காகப் பணம் திரட்டித் தரும் தீக்காப்பு முறை ஒன்று. தாய் தந்தையரை இழந்த சிறாரின் உடைமையைப் பாதுகாத்து, அவர் வளர்ந்தபின் ஒப்படைக்கும் அனாதையர் நல அலுவலகம் மற்றொன்று. இவ்வலுவலகங்களுட் சில 1930-களின் பொருளாதார நெருக்கடியில் நொடிந்துபோயின. அதே காலத்தில் நொய்பெர்க்தாலுக்கு அண்மையிலுள்ள ஆல்டோனா என்னும் சிறுநகரில் வேறொரு முயற்சி தோன்றியது. 1931-இல் நுகர்வோர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று நிறுவப்பட்டது. தொடர்ந்து கூட்டுறவுக் கடன் சங்கமும், 1940-களில் சூரியகாந்தி வித்தை ஆட்டி எண்ணெய் எடுக்கும் கூட்டுறவு ஆலையும் எழுந்தன. பழைய அமைப்பு முறிந்தது. ஒருவரையொருவர் தாங்கும் கடமை புதிய வடிவம் பெற்றது.

உருசியாவில் எஞ்சிய தம் உறவினர் 1920-இல் பஞ்சத்தால் வாடியபோது, வட அமெரிக்க மென்னோனைட்டுகள் ஒரு மத்தியக் குழு அமைத்து உணவு அனுப்பினர். பிறந்தகத்தார்க்கெனத் தோன்றிய அக்குழு பின்னர் யாவர்க்கும் உரியதாகி, 1940-களில் நம் நாட்டின் வங்காளத்திலும் துயர்துடைப்புப் பணி செய்தது.

4. ஒப்புமையும் வேற்றுமையும்

இருவரும் சிறுபான்மையினர், உழவர், வன்முறை விலக்கியோர். எனினும் வேற்றுமைகளை மறைத்தல் ஆய்வு நெறியன்று. மென்னோனைட்டுகளின் கொல்லாமை மனித உயிரளவில் நிற்கின்றது. அவர்கள் புலால் உண்பர், ஊனுக்கெனக் கால்நடை வளர்ப்பர். நம் அகிம்சையோ ஓரறிவுயிர் ஈறாக எல்லா உயிர்களையும் தழுவியது. மறுபுறம், தற்காப்புப் போரை நம் நூல்கள் இல்லறத்தார்க்கு முற்றும் விலக்கவில்லை. திருப்பருத்திக்குன்றத்துச் சங்கீத மண்டபத்தை 1387-இல் கட்டிய இருகப்பர் விசயநகரப் பேரரசின் படைத்தலைவரே. மென்னோனைட்டுகளோ அதனையும் விலக்கினர். இரண்டாம் உலகப் போரின்போது கனடாவில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மனச்சான்றின் பேரில் படைப்பணியை மறுத்தனர். அவருட் பெரும்பாலோர் மென்னோனைட்டுகள். காடுகளில் மரம் நடுதல் முதலிய மாற்றுப் பணிகள் அவர்க்குத் தரப்பட்டன. அச்சமூக இளைஞருள் படையிற் சேர்ந்தோரும் உண்டு.

கல்வியில் அவர்களிடையே பிளவு நேர்ந்தது. 1916-இல் மானிட்டோபா அரசு ஆங்கிலவழிப் பள்ளியைக் கட்டாயமாக்கியது. தம் ஜெர்மானியமொழிப் பள்ளி போனால் சமயமும் போகும் என்றஞ்சிய ஆயிரக்கணக்கானோர் 1920-களில் மெக்சிகோவுக்கும் பராகுவேவுக்கும் பெயர்ந்தனர். ஏனையோர் தங்கி, அரசுப் பள்ளியில் பயின்றவாறே தம் நெறியைக் காக்க முயன்றனர். நமக்கு அத்தகைய மொழி நெருக்கடி நேரவில்லை. தமிழே நம் தாய்மொழி, தமிழே நம் சமயமொழியும் ஆகும். எனினும் மேருமந்தர புராணத்தையும் ஸ்ரீபுராணத்தையும் படித்துப் பொருள் கூறவல்ல இளைஞர் எத்தனை பேர் என எண்ணிப் பார்த்தால், சட்டம் எதுவும் வற்புறுத்தாமலேயே நாம் இழந்துவருவது புலனாகும்.

5. புறநகரில் நம் கடமை

படிப்பும் பணியும் கருதித் திண்டிவனம், செஞ்சி, வந்தவாசி வட்டாரங்களிலிருந்து தென்சென்னைப் புறநகர்களுக்கு வந்த குடும்பங்கள் பல. சிற்றூர்களில் முதியோரே எஞ்சுகின்றனர். பூட்டிய வீடுகள் பெருகுகின்றன. சில கோயில்களில் அன்றாடப் பூசைக்கு உபாத்தியாயர் ஒருவரும் முதியோர் ஓரிருவருமே நிற்கும் நிலையைக் காண்கின்றோம். பழைய ஊர் அமைப்பு இனி அவ்வாறே மீளும் எனக் கருதுவதற்கில்லை. ஆதலின் நால்வகைத் தானத்திற்கும் புதிய வடிவம் காணல் வேண்டும்.

உணவு: மின்தொடர் வண்டியில் இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புவோர்க்குப் பொழுது சாயுமுன் உண்பது அரிது. அலுவலகத்திற்கே மாலையுணவு எடுத்துச்செல்லும் வழக்கத்தைச் சிலர் மேற்கொண்டுள்ளனர். ஒரு பகுதியிலுள்ள நான்கைந்து குடும்பங்கள் முறை வைத்துச் சமைத்தால் தனித்து வாழும் மாணவர்க்கும் இது கைகூடும்.

மருந்து: தாம்பரம் சானடோரியத்தில் 1928-இல் காசநோயர்க்கெனத் தோன்றிய மருத்துவமனை இன்று நெஞ்சக நோய்க்கான அரசு மருத்துவமனையாக விளங்குகின்றது. தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் அவ்விடத்திலேயே உள்ளது. சிற்றூரிலிருந்து மருத்துவம் நாடிவரும் முதியவரை உடன் அழைத்துச் செல்லவும், சில நாள் தங்கவைக்கவும் பொறுப்பேற்போர் பெயர்ப்பட்டியல் ஒன்று நம்மிடம் இருத்தல் வேண்டும்.

கல்வி: ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, அருங்கலச்செப்பில் தொடங்கிச் சிறார்க்கு நம் நூல்களைக் கற்பிக்கலாம். கூடம் ஒன்றும் கற்றறிந்த முதியவர் ஒருவரும் போதும். பள்ளி என்ற சொல்லுக்கு நாம் மீண்டும் உரியவராவோம்.

அடைக்கலம்: 2015 திசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராசபுரமும் நீரில் மூழ்கியதை மறந்தாரில்லை. இத்தகைய வேளையில் யார் எவ்வீட்டிற்குச் செல்வது என்பது முன்னரே வகுக்கப்பட்டிருப்பின் அலைச்சல் குறையும். இப்புகலிடம் நம்மவர்க்கு மட்டும் உரியதாதல் கூடாது. ‘அஞ்சினான்’ என்ற சொல்லில் சாதியும் சமயமும் இல்லை.

இவற்றோடு, பிறந்த ஊரை மறத்தலாகாது. கிளாம்பாக்கத்தில் பேருந்து ஏறினால் திண்டிவனம் நூறு கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவே. ஐம்பத்திரண்டு குடும்பங்கள் ஆளுக்கு ஒரு வார இறுதியை ஏற்றுக்கொண்டால், ஊர்க்கோயிலில் ஆண்டு முழுதும் வெளியூர்க் குடும்பம் ஒன்று வாரந்தோறும் விளக்கேற்றும். திருப்பணிக்குப் பணம் அனுப்புதல் நன்று. ஆயினும் தனித்திருக்கும் முதியவரோடு அமர்ந்து பகலுணவு உண்பதற்குப் பணம் ஈடாகாது. அவர் நாவிலுள்ள பாடல்களும், ஊர் வரலாறும், நோன்பு முறைகளும் அப்போதே நம் பிள்ளைகளிடம் வந்து சேரும். அவர் காலத்திற்குப்பின் கேட்டறிய ஆளில்லை.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. கொலையின் நான்கு வகைகள் யாவை? நும் தொழிலில் நேர்வது எவ்வகையினது? அதனைக் குறைக்கும் வழி யாது?

2. ‘இரக்கம் ஓர் ஏற்பாடாயிற்று’ என்பதை ஜம்பைக் கல்வெட்டையும் மென்னோனைட்டுகளின் தீக்காப்பு முறையையும் கொண்டு விளக்குக.

3. நும் பிறந்த ஊர்க்கோயிலுக்கு இறுதியாக எப்போது சென்றீர்? அடுத்து எந்த வாரத்தை ஏற்றுக்கொள்வீர்? குடும்பத்தாரோடு கலந்து நாள் குறிக்க.

4. நும் தெருவில் தனித்து வாழும் முதியோர், மாணவர் எத்தனை பேர்? நால்வகைத் தானத்துள் அவர்க்கு உடனடியாக வேண்டுவது எது?