கோஷே நோயும் எலும்பும்

இல்லத்திற் சேருங் குப்பையை நாள்தோறும் அகற்றாவிடின் அது வாழ்தற்கு உரியதாகாது. நம் உடலும் அத்தகையதே. பழைய உயிரணுக்கள் அழியுங்கால் எஞ்சும் ஒருவகைக் கொழுப்பைச் சிதைத்தற்கென்று ஒரு நொதி உளது. பிறவியிலேயே அந்நொதி குறைந்தாரிடத்து அக்கொழுப்பு மண்ணீரலிலும் ஈரலிலும் எலும்பு மஜ்ஜையிலுந் தேங்குகின்றது. இந்நோயை 1882ஆம் ஆண்டிற் பிரெஞ்சு மருத்துவர் பிலிப் கோஷே முதன்முதல் விவரித்தார்; அவரோ மண்ணீரற் கட்டியென்றே கருதினார். நொதிக்குறைவே காரணமென்பது 1965இல் தெளிவாயிற்று.

மஜ்ஜையிற் கொழுப்பு நிறைந்து குருதியோட்டந் தடைப்படின் எலும்பு பொறுத்தற்கரிய நோவெடுக்கும், காய்ச்சலும் உடன்வரும். தொடையெலும்பின் தலை மடிந்து இடுப்பு மூட்டுக் குலைதலும் உண்டு.

நம் தேங்காய்த்திட்டிலே ஒரு சிறுவன் கால்நோவென்று அழுதால், வளரும் பிள்ளைக்கு வரும் வலியென்று தைலந் தடவுவோம். பெரும்பாலும் அஃது அவ்வளவே. ஆயின் வயிற்றின் இடப்புறம் பருத்து, முகம் வெளிறி, அடிக்கடி மூக்கிற் குருதி வடியுமாயின் காலந்தாழ்த்தலாகாது. குருதியில் அந்நொதியை அளந்து நோயை அறியலாம்.

பெற்றோர் இருவரும் நோயின்றியே இக்குறையை மறைவாகத் தாங்கியிருப்பின், ஒவ்வொரு மகவுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் குடிகளில் அவ்வாறு நேர்தல் எளிது.

1991 முதல் அந்நொதியையே நரம்பின் வழிச் செலுத்துஞ் சிகிச்சை உளது. அது மண்ணீரலைச் சுருக்கும். எலும்பு நோவைத் தணிக்கும். மடிந்த எலும்பை மட்டும் மீட்டுத் தாராது. ஆதலின், அன்பர்களே, காலுக்குத் தைலமிடுமுன் பிள்ளையின் வயிற்றையுந் தொட்டுப் பார்ப்பீராக.