லென்ஸைத் திருப்பிப் போடுங்கள்

2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையை ராயப்பன்பட்டி பந்தல்களில் எல்லோரும் கொத்தாகத்தான் படம் பிடிக்கிறார்கள். பழத்தோலின் வெண்பொடியையும் காம்பிடுக்கில் ஒண்டிய மாவுப்பூச்சியின் மெழுகு இழைகளையும் எடுக்க, விலை கூடிய மேக்ரோ லென்ஸ் தேவையில்லை.

கேமராவுக்கும் லென்ஸுக்கும் பொருந்தும் ‘ரிவர்ஸ் ரிங்’ வாங்கி, 50 மி.மீ. லென்ஸைத் தலைகீழாக மாட்டுங்கள். பூச்சி ஏறக்குறைய அதன் நிஜ அளவிலேயே சென்சாரில் விழும். 28 மி.மீ. என்றால் இன்னும் பெரிதாக. ஆனால் அதைக் கை பழகிய பிறகு முயன்றால் போதும்.

அப்பர்ச்சர் வளையம் உள்ள பழைய லென்ஸே உத்தமம். எஃப் 8-இல் வையுங்கள், மேனுவல் மோடில் எடுங்கள். ஃபோகஸ் வளையத்தைத் திருகிப் பயனில்லை. உடம்பை முன்னும் பின்னும் மெல்ல அசைத்து, தெளிவு வரும் நொடியில் அடுக்கடுக்காகச் சொடுக்குங்கள். ஃபிளாஷ் அடிக்கும்போது லென்ஸ் நிழல் விழுந்தால் அதன் முன் வெள்ளைத்தாள் பிடிக்கலாம்.

ஆடிக் காற்றில் முயல வேண்டாம், கொத்து நிற்காது. பழத்தைத் தொட்டால் வெண்பொடி அழியும். லென்ஸின் பின்கண்ணாடி திறந்திருப்பதால் தூசி கவனம். மருந்து அடித்த தோட்டமா என்று உரிமையாளரிடம் கேட்டுவிட்டே உள்ளே போங்கள்.